வரிசை போகாது என்று சொன்னேன்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பேருந்தில் உட்கார இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஏதோ ஒரு வளைவில், அந்த யோசனை வந்தது. வெப்சைட்டுக்கு வருகிறவர்களைப் பற்றிய எல்லாவற்றையும் செஷன் என்ற குறிப்பிலேயே வைத்துவிடலாம். செஷனைத் தூக்கி டேட்டாபேஸில் வைத்துவிடலாம். அவ்வளவுதான், தீர்ந்தது. நான் தனியாகச் சிரித்திருக்க வேண்டும். பக்கத்தில் பலாப்பழ மூட்டையோடு நின்றவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். கச்சிராயபாளையம் வருவதற்குள் போனிலேயே பாதி நிரலை எழுதிவிட்டேன். வடக்கனந்தலில் இறங்க வேண்டியவள், தலை நிமிர்ந்து பார்த்தால் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இருந்தேன்.

என் யோசனைகள் எல்லாமே இப்படித்தான் வரும். வேகமாக வரும், வந்த வேகத்திலேயே செய்தும் விடுவேன். அந்த வேகத்துக்கான விலையை வேறொருவர் கொடுக்கலாம் என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

என் பெரியப்பா மகன் நைனார்பாளையத்தில் லாரி வைத்திருக்கிறார். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை ஏற்றிக்கொண்டு வந்து கீழே ஜவ்வரிசி மில்களில் இறக்குவது அவருடைய தொழில். மரவள்ளி ஒரு விசித்திரமான பயிர். பத்து மாதம் மண்ணுக்குள் பேசாமல் கிடக்கும். இன்னும் ஒரு மாதம் விட்டாலும் கோபித்துக்கொள்ளாது. ஆனால் பிடுங்கிவிட்டால் பொறுக்காது. இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் கிழங்கை ஒடித்துப் பார்த்தால் உள்ளே நீலமாக நரம்பு ஓடியிருக்கும். மில்லில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே லாரி என்றைக்கு வருகிறது, அதில் தனக்கு இடம் இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிந்த பிறகுதான் ஒருவர் கிழங்கில் கை வைக்க வேண்டும். அது தெரியாமல் பிடுங்கினால் பத்து மாதம் போச்சு.

இதையெல்லாம் அண்ணன் போனிலேயே சமாளித்துக்கொண்டிருந்தார். "உனக்கு முன்னாடி நான் சொன்னேன்", "இல்ல, நான்தான் முன்னாடி" என்று தினமும் சண்டை. சென்னையில் ஒரு கம்பெனியில் எட்டு மாதம் இருந்துவிட்டு, சலித்துப்போய் ஊருக்குத் திரும்பியிருந்த நான், "அண்ணே, ஒரு வெப்சைட் போட்டுத் தரேன், அவங்களே வரிசையில பதிஞ்சிக்குவாங்க" என்றேன். கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடைக்கு மேலே ஒரு சின்ன அறை பிடித்து, பெயர்ப்பலகைகூட வைக்காமல் வேலையை ஆரம்பித்தேன்.

முதல் வாரமே சிக்கல். இணையதளம் ஓடும் கம்ப்யூட்டருக்கு மறதி அதிகம். ஒரு பக்கத்தைக் கொடுத்த மறுநொடியே, யாருக்குக் கொடுத்தோம் என்பதை மறந்துவிடும். அதனால் வருகிறவரிடம் ஒரு எண்ணைக் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் ஒரு குறிப்பைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். திரும்ப வரும்போது எண்ணைப் பார்த்துக் குறிப்பை எடுத்துப் படித்து, "ஓ, நீங்களா" என்று அடையாளம் கண்டுகொள்ளும். அந்தக் குறிப்புதான் செஷன். நான் வாடகைக்கு எடுத்திருந்த சர்வர் இந்தக் குறிப்புகளைக் கோப்புகளாக வைத்திருந்தது. கொஞ்ச நேரம் ஆள் வராவிட்டால் கூட்டிப் பெருக்கித் தள்ளிவிடும். கீழே இருப்பவர்களுக்கு அது பிரச்சினையே இல்லை. மலையில் சிக்னல் போனால் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். வந்ததும் மறுபடி போன் எண், மறுபடி ஓடிபி, மறுபடி எந்த ஊர், எத்தனை மூட்டை. ஒருவர் நான்காவது தடவையாகப் போன் எண்ணை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அன்று பேருந்தில் ஏறினேன்.

ஆகவே குறிப்புகளை டேட்டாபேஸுக்கு மாற்றினேன். பெருக்கித் தள்ளும் வேலையை நிறுத்திவைத்தேன். இனி யாருடைய குறிப்பும் அழியாது. அதோடு விட்டிருக்கலாம். லாரி வந்து ஏற்றும் வரைக்கும் ஒருவருடைய வரிசை எண்ணையும் அந்தக் குறிப்புக்குள்ளேயே எழுதிவைத்தேன். வரிசைக்கென்று தனி அட்டவணை போடுவதுதான் முறை என்று எனக்குத் தெரியும். "இதைப் பிறகு மாற்ற வேண்டும்" என்று நிரலின் நடுவில் எனக்கே ஒரு குறிப்பும் எழுதிக்கொண்டேன். பிறகு, உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று காட்டும் ஒரு பக்கத்தைச் செய்தேன். ஐந்து நொடிக்கு ஒருமுறை அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். எண் ஏழிலிருந்து ஆறாக மாறும்போது லேசாக ஒரு பச்சை மின்னல். அந்தப் பச்சைக்கு மட்டும் அரை நாள் செலவழித்தேன்.

முதல் மாதம் அண்ணன் வாய் நிறையப் புகழ்ந்தார். இரண்டாவது மாதம் போன் வந்தது.

"இன்னா பாப்பா, உன் வெப்சைட்டு ஃபுல் லோடு ஏத்திக்கினு மலை ஏறுற மாதிரி மொனவுது?"

"மலையில சிக்னல் சரியில்லண்ணே."

"நான் சின்னசேலம் டீக்கடையில ஒக்காந்துக்கினு பாக்கறேன். இங்க இன்னா மலை கீது?"

"அப்ப உங்க போன் பழசு."

"போன மாசந்தான வாங்கனேன்! நீதான கூட வந்த!"

சிரித்துச் சமாளித்தேன். படங்களைச் சுருக்கினேன். சர்வரைப் பெரிதாக்கினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது, மறுபடி முனகியது. ஒரு பக்கம் திறக்க அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம். எல்லோரிடமும் சிக்னல் என்றே சொல்லிவந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. சரி, மலைக்கே போய்ச் சிக்னலை அளந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வெள்ளிமலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊர். ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒரு சரிந்த பாறையில் மட்டும் கிடைக்கும். மூச்சு வாங்க ஏறிப் போனால், அந்தப் பாறை மேல் பதினைந்து இருபது போன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பனிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, காற்றுக்கு ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்து. எல்லாத் திரையிலும் என் பக்கம். ஓரத்தில் கையில் குச்சியோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கலாம். குச்சி குரங்குக்கு.

"இது இன்னாக்கா?"

"வரிசைம்மா," என்றார், இதுகூடத் தெரியாதா என்பது போல. "ரேஷன் கடையில கல்லு போட்டு எடம் புடிக்கறதில்ல? அந்த மாதிரிதான். இது எங்க சின்ன மாமனார்து, இது மேல்வூட்டுது, இது என்து. தெனம் ஒரு வூடு காவலு. தொறந்தே வெச்சிருந்தாதான் எடம் நிக்கும். மூடுனா அடுத்தவன் பூந்துடுவான்."

நான் சிரித்தேன். கொஞ்சமாகச் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"ஐயோ அக்கா! போன மூடிட்டு வூட்டுக்குப் போங்க. வரிசை எங்க கம்ப்யூட்டர்ல கீது. நீங்க மூடுனாலும் போகாது."

"நீ சொல்ற. உன் கம்ப்யூட்டர நான் பாத்தனா? என் போன நான் பாக்கறேன்."

"இத்தன போனும் அஞ்சு நொடிக்கு ஒரு தபா அதக் கூப்பிட்டுக்கினே இருந்தா அது எப்படி வேகமா ஓடும்? நீங்கதாங்க்கா அதப் போட்டு நசுக்கறீங்க."

அக்கா போன்களைப் பார்த்தார். பிள்ளைகள் எங்கேயோ வம்பு செய்துவிட்டு வந்ததைக் கேட்டால் தாய் பார்ப்பாளே, அப்படி. "அப்ப எங்களாலதான் எல்லாருக்கும் நிக்குதா?"

"ஆமாங்க்கா," என்றேன்.

ஐந்து நொடிக்கு ஒருமுறை கூப்பிடு என்று அந்தப் போன்களுக்குச் சொன்னது நான். அதை அந்த இடத்தில் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று இறங்கி வரும்போது எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் ஊர்ச் சனத்திடம் "நம்மாலதானாம்" என்று சொல்லியிருப்பார். சொல்லியிருந்தும் யாரும் போனை மூடவில்லை. என் பேச்சை நம்பாத அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில நாள் இருந்தது.

அறைக்கு வந்ததும்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். டேட்டாபேஸில் எந்தக் கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது என்று எழுதிவைக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதைத் திறந்துவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் பக்கம் பக்கமாக ஒரே பெயர். செஷன். செஷன். செஷன். மரவள்ளி ஏற்றப் பதிந்தவர்களை ஒரு பள்ளிக்கூட நோட்டில் அடக்கிவிடலாம். செஷன் அட்டவணையோ, உருட்ட உருட்ட முடியாமல் போய்க்கொண்டிருந்தது. சிக்னல் போய் வந்த ஒவ்வொரு போனுக்கும் புதிது புதிதாகக் குறிப்பு; தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் அதற்கும் ஒரு குறிப்பு; பழையது ஒன்றையும் அழிக்காதே என்று நான் சொல்லியிருந்ததால் எதுவும் அழியவில்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை ஒவ்வொரு போனும் வரும். அதன் குறிப்பை எடுத்து, வேறு யாரும் தொடாதபடி பூட்டி, வரிசையில் எத்தனை பேர் என்று தெரிய மற்ற எல்லாக் குறிப்புகளையும் பிரித்துப் பார்த்து, மறுபடி எழுதி, பூட்டைத் திறக்க வேண்டும். ஒன்று முடிவதற்குள் அதே போன் அடுத்த தடவை வந்து, பூட்டு எப்போது திறக்கும் என்று வாசலில் நிற்கும். அதன் பின்னால் இன்னொன்று. சிக்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அண்ணனின் போன்.

"பாப்பா, மூணு பேரு கூப்பிட்டாங்க. ஒண்ணுமே தொறக்கலியாம். இன்னா பண்ணிக்கினு கீற?"

"கண்டுபுடிச்சிட்டேண்ணே. அஞ்சு நிமிஷம்."

"அஞ்சு நிமிஷம்னா உன் அஞ்சு நிமிஷமா, ஊரு அஞ்சு நிமிஷமா?"

அந்தக் கிண்டல் சுட்டது. அட்டவணையைக் காலி செய்யும் கட்டளை ஒரே ஒரு வரி. நகல் எடுக்க வேண்டும் என்று தோன்றியது. இவ்வளவு பெரிய அட்டவணைக்கு நகல் எடுக்கவே அரை மணி ஆகும் என்றும் தோன்றியது. செஷன்தானே, போனால் மறுபடி உள்ளே வருவார்கள் என்று நினைத்தேன். வரிசை எண்ணையும் அதற்குள்தான் வைத்திருக்கிறேன் என்பது நினைவுக்கே வரவில்லை. "பிறகு மாற்ற வேண்டும்" என்று எழுதிவைத்ததையே, மாற்றி முடித்துவிட்டதாக மனசு எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அந்த ஒரு வரியை அடித்தேன்.

பக்கம் பறந்தது. கண் சிமிட்டுவதற்குள் திறந்தது. அண்ணனே கூப்பிட்டு, "ஆங், இப்ப ஓடுது பாரு, டவுன் பஸ்ஸு மாதிரி கீது" என்றார். உரக்கடைக்காரருக்கும் சேர்த்து மைசூர்பாகு வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலையில் போன். லாரி ஓட்டுநருடைய எண்; ஊருக்கு வெளியே ரோட்டில் அவருடைய சிம்முக்கு மட்டும் சிக்னல் கிடைக்கும். பேசியது பாறையில் காவல் இருந்த அந்த அக்கா.

"இன்னாம்மா, லிஸ்ட்டுல எம்பேரு இல்லியாம். நான் மூணாவதுல இருந்தேன். நேத்து காலையிலகூடப் பாத்தேன், மூணுன்னுதான் போட்டிருந்துச்சு. ஊரு சனத்த வெச்சி மேல்காடு மொத்தமும் புடுங்கி ரோட்டுல கொட்டி வெச்சிருக்கேன். இவரு வண்டி ஃபுல்லுங்கறாரு."

பின்னால் ஓட்டுநரின் குரல் கேட்டது. "எங்கிட்ட இருக்கற லிஸ்ட்டுல இல்லக்கா. நான் இன்னா பண்ணட்டும், என் மடியிலயா ஏத்திக்க முடியும்?"

மலையில் கிழங்கு பிடுங்குவதற்குக் கூலி ஆள் தேடுவதில்லை. இன்றைக்கு உன் காட்டில் நான், நாளைக்கு என் காட்டில் நீ என்று மாறி மாறிக் கை கொடுப்பார்கள். அக்காவின் முறை புதன்கிழமை. அன்றைக்கு விட்டால் மறுபடி முறை வர நாளாகும். மூன்றாவது இடம் உறுதி என்று பார்த்துவிட்டுத்தான் பிடுங்கியிருக்கிறார். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

எனக்கு என்ன நடந்தது என்று அந்த நொடியில் முழுதாகத் தெரியாது. ஆனால் செவ்வாய்க்கிழமை நான் ஏதோ செய்தேன் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் சொன்னேன்:

"நீங்க பக்கத்த மூடியிருப்பீங்கக்கா."



"நான் மூடலியே," என்றார் அக்கா. பிறகு குரல் போனை விட்டுத் தள்ளிப் போனது. "யோவ்! நேத்து பாட்டு கேக்கறேன்னு போன எடுத்தியே, அத மூடிட்டியா நீ? மூடிட்டியா?" ஓர் ஆண் குரல் என்னவோ முனகியது. "மூடாதன்னு எத்தினி தபா சொன்னேன்! பத்து மாசம்யா!" சுற்றிலும் ஆட்கள் இருந்திருக்க வேண்டும், யாரோ சிரித்தார்கள், யாரோ அடக்கினார்கள். லைன் போய்விட்டது.

மூடினாலும் போகாது என்று பாறை மேல் நின்று சிரித்தவளும் நான்தான், மூடியதால் போய்விட்டது என்று சொன்னவளும் நான்தான். நடுவில் ஒரு வாரம்கூட இல்லை.

நிரலைத் திறந்தேன். "இதைப் பிறகு மாற்ற வேண்டும்" அதே இடத்தில், எழுதியது எழுதியபடி இருந்தது. வரிசை முழுவதும் செஷனுக்குள்தான் இருந்திருக்கிறது. நான் காலி செய்தது பழைய குப்பையை மட்டும் இல்லை, அந்தப் பாறையில் படுத்திருந்த எல்லாப் போன்களின் இடத்தையும்தான். அதன் பிறகு சிக்னல் நன்றாக இருந்த கீழ் ஊர்க்காரர்கள் மறுபடி உள்ளே வந்து முதல் இடங்களைப் பிடித்திருக்கிறார்கள். பதிவேட்டைப் பார்த்தால், செவ்வாய் காலையிலிருந்தே அக்காவின் ஊர்ப் போன் ஒன்றுகூட வரவில்லை; அங்கே டவர் இல்லை. அப்படியானால் புதன்கிழமை அவர் பார்த்த மூன்று? பதில் வராவிட்டால் பழைய எண்ணையே காட்டிக்கொண்டிரு என்று பக்கத்துக்கு நான் சொல்லிவைத்திருந்தேன். வெற்றுத் திரையைப் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். அந்த நல்லெண்ணத்தை நம்பித்தான் அவர் பிடுங்கியிருக்கிறார்.

அண்ணனிடம் அன்றைக்கே சொன்னேன், ஆனால் பாதிதான். "ஒரு லோடு விட்டுப்போச்சுண்ணே, வேற வண்டி அனுப்ப முடியுமா?"

"ஒண்ணு ஆத்தூர்ல நிக்குது, ஒண்ணு ஒர்க் ஷாப்புல. ஞாயித்துக்கெழமதான் மேல போவும். அதுக்குள்ள நீலம் பாஞ்சிடும். ஏன், இன்னா ஆச்சு?"

"அவங்க மூடிட்டாங்களாம்."

"மூடுனா போயிடுமா? போவாதுன்ன?"

"சில சமயம் போகும்," என்றேன்.

வெள்ளியும் சனியும் அறையில் உட்கார்ந்து வேகமாக, மிக நன்றாக, வேலை செய்தேன். வரிசைக்குத் தனி அட்டவணை போட்டேன். செஷனை டேட்டாபேஸிலிருந்து எடுத்து நினைவகத்தில் ஓடும் ஒரு சின்னக் கிடங்குக்கு மாற்றினேன். அதில் ஒரு நாளைக்கு மேல் எதுவும் தங்காது. தங்காவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை, ஏனென்றால் இப்போது அதற்குள் அடையாளத்தைத் தவிர வேறெதுவும் கிடையாது. வரிசையைப் பார்க்கும் பக்கம் செஷனைத் தொடவே தொடாது. ஐந்து நொடியைத் தூக்கினேன். பச்சை மின்னலைத் தூக்கினேன். பதில் வராவிட்டால், "இது பழைய எண், இதை நம்பிப் பிடுங்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் வரும்படி செய்தேன். எல்லாம் இரண்டு நாள் வேலை. இரண்டு மாதத்துக்கு முன்னாலும் இரண்டு நாள் வேலையாகத்தான் இருந்திருக்கும். ஒவ்வொன்றும் சரியாக ஓடும்போது ஒரு சின்னச் சந்தோஷம் வரும். உடனே ரோட்டோரத்தில் ஒரு குவியல் ஞாபகத்துக்கு வரும். சாப்பிட முடியவில்லை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். சாப்பிட்டேன். அதுவும் உறுத்தியது.

சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனிடம் மீதிப் பாதியையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "காலையில வண்டி போவுது, ஏறிக்கினு போ. போன்ல சொல்லாத" என்றார். பிறகு, "எங்கிட்டயே ரெண்டு நாளு கழிச்சித்தான் சொல்லணுமா?" என்றார். திட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ரோட்டோரத்தில் குவியல் இல்லை. அத்தனையும் பாறைக்கு ஏற்றியிருந்தார்கள். மில்லுக்கு ஆகாத கிழங்கைத் தோல் சீவி, வட்டம் வட்டமாக நறுக்கிக் காயப்போட்டால் மாட்டுத் தீவனத்துக்காவது போகும். போன்கள் ஓர் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. ஏழெட்டுப் பெண்கள் சீவிக்கொண்டிருந்தார்கள். அக்கா நடுவில். அவருடைய வீட்டுக்காரர் மட்டும் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து நறுக்கினார்.

"வாம்மா, கம்ப்யூட்டரு," என்றாள் ஒருத்தி. "எங்க போனுங்க இன்னும் நசுக்குதா?"

நான் நின்றபடியே சொன்னேன். "அக்கா, உங்க வரிசைய அழிச்சது நான்தான்."

"எத அழிச்ச?"

"எல்லாத்தையும். செவ்வாக்கெழம. மெதுவா ஓடுதுன்னு ஒரு குப்பைய அழிச்சேன். வரிசையும் அதுக்குள்ளதான் இருந்துச்சு. நான் மறந்துட்டேன்."

"அப்ப போன்ல மூணுன்னு காட்டுச்சே?"

"அது பழசு. டவர் இல்லாததால மாறல. அப்படிக் காட்டச் சொன்னதும் நான்தான்."

கத்திகள் நின்றுவிட்டன. அக்கா கையிலிருந்த கிழங்கை ஒடித்துப் பார்த்தார், அதில் என்ன இருக்கும் என்று தெரிந்தும். பிறகு கேட்டார்: "அப்ப அவரு மூடல?"

"மூடியிருந்தாலும் காரணம் அது இல்லக்கா."

"மூடுனா போயிடும்னு எனக்கு மொதல்லயே தெரியும். நீ போவாதுன்னு சொன்னத நான் நம்பவே இல்ல. அதான் நீ போன்ல சொன்னதும் அவர ஊரு பாக்க ஏசிட்டேன்." கிழங்கை ஓரமாக வைத்துவிட்டு, "நாலு நாளா வூட்டுல சோறு துன்னலம்மா அந்த மனுசன்" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எங்கிட்ட சொல்லாத. அதோ, அவருகிட்ட போய்ச் சொல்லு."

போனேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். நறுக்கிக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "நான் மூடக்கூட இல்லம்மா," என்றார். "டவரு இல்லாம பாட்டே வரல. அப்படியே வெச்சிட்டேன்."

ஒரு கத்தி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சீவிய சீவலில் பாதிக் கிழங்கு தோலோடு போகிறது என்று ஒருத்தி கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள். "நீ அள்ளிப் போடு, போதும்" என்றாள். அள்ளிப் போட்டேன். மதியம் அக்கா எனக்கும் சோறு போட்டார். அவருடைய வீட்டுக்காரருக்கும் போட்டார். அவர் சாப்பிட்டாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கிளம்பும்போது அக்காதான் ஆரம்பித்தார். "கீழ்க்காட்டுல இன்னும் பாதி மண்ணுக்குள்ளதான் கீது."

"இப்ப எல்லாத்தையும் சரி பண்ணிட்டேங்க்கா. இனிமே வரிசை—"

"போவாதுங்கறியா?"

அந்த வாக்கியத்தை அந்தப் பாறையில் இரண்டாவது முறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை.

"இந்த தபா நான் பாக்கணும்," என்றார். "நீ சொல்றத இல்ல. நீ அழிக்கறத."

இதுதான் ஏற்பாடு. வரும் புதன்கிழமை அண்ணனின் லாரியிலேயே மடிக்கணினியோடு மேலே போகிறேன். முந்தின நாளே எல்லா வீட்டாரும் பதிந்து, அவரவர் எண்ணைக் கரியால் பாறையில் எழுதிவைப்பார்கள். அவர்கள் கண் முன்னாலேயே செஷன்கள் மொத்தத்தையும் அழிக்கப் போகிறேன். சர்வரையும் நிறுத்தி, மறுபடி ஓட விடுவேன். எல்லாப் போனையும் அணைக்கச் சொல்வேன். பிறகு ஒவ்வொருவராக உள்ளே வந்து, திரையில் வரும் எண்ணும் பாறையில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று அவர்களே பார்க்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அக்கா கிழங்கைத் தொடமாட்டார். லாரி வெறும் வண்டியாகத் திரும்பும். அண்ணன் அதற்கு ஒத்துக்கொண்டிருக்கிறார். சரியாக வந்தால், அக்கா அன்றைக்கு ஒரே ஒரு பாத்தி பிடுங்குவார். அது ஏறி, மில்லில் இறங்கி, திரும்ப அனுப்பவில்லை என்ற தகவல் வந்த பிறகு மீதி.

அறையில் இதுவரை பத்துப் பன்னிரண்டு முறை அழித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் எண்கள் நின்றன. ஆனாலும் கட்டளையை அடிப்பதற்கு முன்னால் விரல் நிற்கிறது; நகல் எடுத்தாயா என்று என்னையே கேட்டுக்கொண்டு, எடுத்த நகலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடிக்கிறேன். நாளைக்கு அறையிலிருக்கும் இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு, டவர் போனது போல இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதைத்தான் இன்னும் சரியாகச் சோதிக்கவில்லை.